ஒரே பந்தியில் இரண்டு வயிறு

அந்தத் தீபாவளி மத்தியானம் மாமா இலையை மடித்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜார்ஜ்டவுனை ஒட்டிய ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பந்தி போட்டிருந்தோம். ஆட்டிறைச்சிப் பிரட்டல் சூடாக வந்தது. மாமா இரண்டு கவளம் சாப்பிட்டார். அடுத்ததைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிறகு அதை ஓரத்தில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்து இலையை மெதுவாக மடித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அவருக்கு நேரெதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். பரிமாறும் வரை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ நேரம்லா?" என்று அம்மாவை விரட்டியவர் அவர். சோறு உள்ளே போகப் போக அவருடைய முகம் தெளிந்து, பக்கத்தில் இருந்தவரிடம் கதை பேச ஆரம்பித்திருந்தார்.

இருவரும் ஒரே குழம்பைத்தான் சாப்பிட்டார்கள். ஒருவருக்கு அது வலியைக் கொடுத்தது, இன்னொருவருக்கு வலியை எடுத்தது. அன்றைக்கு எங்களில் யாருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை. நானும் பார்த்தேன், ஒன்றும் நினைக்கவில்லை. நான் உயர்நிலைப் பள்ளி ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். பள்ளி வேன் ஓட்டுகிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசுவதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குச் சுலபம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் வரை வேலை இல்லை என்பதால், வீட்டில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் வண்டி என்னுடையதுதான். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது அதனால்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜார்ஜ்டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தார். இளவயதிலிருந்தே தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர். அதற்காக மார்கழியிலேயே விரதத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் உப்புக் குறைந்த சைவம். தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய். எங்கள் உறவில் விரதம் என்றால் மாமாவைத்தான் சொல்வார்கள். விரதம் இருக்க முடியாதவர் என்றால் அப்பாவைச் சொல்வார்கள். அப்பாவால் ஒரு வேளைகூட வயிற்றைக் காலியாகப் போட முடியாது. சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆனதும் மேல்வயிற்றில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்வார். தூக்கத்திலும் அந்த வலி அவரை எழுப்பும். எழுந்துபோய் இரண்டு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு வந்து படுப்பார். சட்டைப் பையிலும் பிஸ்கட் இருக்கும். மாமா அவருக்கு "பிஸ்கட் சாமி" என்றே பேர் வைத்திருந்தார்.

"மச்சானுக்கு முருகன் பிஸ்கட் டின்லதான் காட்சி குடுப்பாரு" என்பார் மாமா.

"சிரி மாப்ள, சிரி. வலி வந்தவனுக்குத்தான் தெரியும்" என்பார் அப்பா.

மாமாவுக்கும் வலி வந்தது. இங்கே வயிற்றில் எது வந்தாலும் கேஸ்ட்ரிக் என்றுதான் சொல்வோம். சோறு நேரத்துக்குச் சாப்பிடாததால் வருவது, காற்று சேர்ந்ததால் வருவது என்று ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருப்போம். மாமா வயிற்றைப் பிடித்தபோது, அப்பாவுக்கு வந்ததே அவருக்கும் வந்திருக்கிறது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டோம். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது என்று நினைக்கிறேன். எத்தனையோ வருட அனுபவசாலி அல்லவா. "வயித்தக் காலியா போடாத மாப்ள, அடிக்கடி ஏதாச்சும் போட்டுக்க" என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டையே வாங்கிக் கொடுத்தார். மாமா சொன்னபடி செய்து பார்த்தார். பிஸ்கட் இறங்கிய கொஞ்ச நேரத்தில் வலி ஏறியது. அதற்குப் பிறகு அவர் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். குறைத்ததில் வலியும் குறைந்தது. சாப்பாடு என்றாலே அவருக்குள் ஒரு பயம் வந்துவிட்டதை அவர் மனைவி, என் அத்தைதான் முதலில் கண்டாள். தட்டைப் பார்த்ததும் தண்ணீர் கேட்பார், பிறகு போன் வந்ததுபோல் எழுந்து போவார்.

மாமா மெலிந்தார். தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் கடையில் இரும்புக் கம்பிக் கட்டைத் தூக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது அது மிகவும் குறைந்திருந்தது. வயிற்றுக்குள் எங்கோ கசிவு இருக்கலாம், குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே வயிற்றுப் பிரிவில் இருந்தவர் ஒரு தமிழ் டாக்டரம்மா. வயது குறைவு, பேச்சில் அவசரம் இல்லை. மாமாவைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். வலி சாப்பிட்டதும் வருகிறதா, பசியில் வருகிறதா? எடை குறைந்ததா? மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனதா? வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுவதுண்டா? கடைசிக் கேள்விக்கு மாமா முழங்காலைத் தடவிக்கொண்டார். காவடிக்கும் கடைச் சுமைக்கும் தேய்ந்த முழங்கால் அது. கடையில் சில்லறையாக வாங்கும் வலி மாத்திரையை அவர் வருடக்கணக்காகத் தின்றுவந்திருந்தார், அதுவும் வெறும் வயிற்றில்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கும் இதே கேஸ்ட்ரிக்தாம்மா. நான் பிஸ்கட் தின்னே சமாளிச்சிட்டு வரேன்" என்றார்.

"எத்தன வருஷமா அங்கிள்?"

"இவன் பொறக்கறதுக்கு முன்னால இருந்து" என்று என்னைக் காட்டினார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் தலைமுடியில் இருந்த நரையையும் பார்த்திருப்பார். "அப்போ நீங்களும் குழாய் விட்டுப் பாத்துக்கங்க அங்கிள்" என்றார். துணைக்குப் போன அப்பா அப்படித்தான் நோயாளியானார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா சிரித்துக்கொண்டே வந்தார்.

ஸ்கோப் என்பது சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாய். நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். தொண்டை மரத்துப்போக மருந்தடித்து வாய் வழியாக விடுவார்கள். முதல் நாள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது. அப்பா அந்தக் காலை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். மாமா நாற்காலியில் சம்மணம் போட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். "பாத்தியாடா? விரதப் பழக்கம்" என்று என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இருவருக்கும் புண் இருந்தது, ஆனால் வேறு வேறு இடத்தில். டாக்டரம்மா கணினித் திரையில் படத்தைக் காட்டினார். சாப்பிட்டது முதலில் போய்ச் சேரும் பை இரைப்பை. அதன் வாசலைத் தாண்டியதும் தொடங்குவது முன்சிறுகுடல், அதாவது சிறுகுடலின் முதல் துண்டு. மாமாவின் புண் இரைப்பைக்குள்ளேயே இருந்தது. அப்பாவின் புண் வாசலுக்கு அந்தப் பக்கம், முன்சிறுகுடலில். இரைப்பையில் புண் இருந்தால் சாப்பாடு விழுந்த கொஞ்ச நேரத்திலேயே வலிப்பதுண்டு. அதனால் ஆள் சாப்பிடப் பயந்து மெலிவார். முன்சிறுகுடலில் இருந்தால் வயிறு காலியாகும்போது வலிக்கும், ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். அப்படிப்பட்டவர் அடிக்கடி தின்று எடைகூடப் போடலாம். "ஆனா இத மட்டும் வெச்சு எது எங்கன்னு சொல்ல முடியாது. மாறியும் வலிக்கும். சிலருக்கு வலியே இருக்காது, திடீர்னு இரத்தம் போகும். உள்ள பாத்தாத்தான் நிச்சயம்" என்றார் டாக்டரம்மா.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு விரதம் கைகூடியதும் இன்னொருவருக்குக் கைகூடாததும் பக்தியைப் பொறுத்தது என்று எங்கள் குடும்பமே இத்தனை வருடம் பேசிவந்தது. மாமா சின்ன வயதில் இருந்த விரதங்களுக்குக் காரணம் அவருடைய மன உறுதிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று காலை அவர் பசிக்காமல் உட்கார்ந்திருந்ததும், இவர் பசி தாங்காமல் துடித்ததும், ஒரு வாசலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்திருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் நான் இல்லை.

அப்பாவுக்கு வயிற்றில் ஒரு கிருமி இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. அதைக் கொல்ல மருந்து கொடுத்தார்கள். மருந்து முடிந்து சில வாரம் கழித்து ஒரு கரைசலைக் குடிக்கச் சொல்லி, மூச்சை ஒரு பைக்குள் ஊதச் சொன்னார்கள். கிருமி போய்விட்டது, அவ்வளவுதான், மறுபடி குழாய் வேண்டாம் என்றார்கள். முன்சிறுகுடல் புண் புற்றாக இருப்பது மிகமிக அரிதாம். மாமாவுக்கு அந்தக் கிருமி இல்லை. முழங்கால் மாத்திரைதான் வயிற்றைப் புண்ணாக்கியிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார்கள். அமிலத்தைக் குறைக்கும் கேப்சூல் கொடுத்தார்கள். புண்ணின் ஓரத்திலிருந்து துளித்துளியாகச் சதை கிள்ளி அனுப்பியிருந்தார்கள், அதில் கெட்டது எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் டாக்டரம்மா விடவில்லை. இரைப்பைப் புண்ணில் சில சமயம் புற்று ஒளிந்திருக்கும், கிள்ளிய துண்டில் அது அகப்படாமலும் போகலாம். அதனால் மருந்து சாப்பிட்டுப் புண் முழுக்க ஆறிவிட்டதா என்று மறுபடி குழாய் விட்டுக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

"அவருக்கு ஊதுனா போதும், எனக்கு மட்டும் மறுபடியும் முழுங்கணுமா?" என்று மாமா கேட்டார்.

"எடம் அப்படி அங்கிள்" என்றார் டாக்டரம்மா.

மறு குழாய்க்குக் கொடுத்த நாள் மார்கழியில் வந்தது. மாமா விரதத்தில் இருந்தார். போக மாட்டேன் என்றார். "ஊரார் வாயிக்குள்ள எல்லாம் போய் வந்த டியூப்பு அது. அடுத்தவன் குடிச்ச குவளையையே தொட மாட்டேன், இத எப்படிலா விரதத்துல வாயில வாங்குறது?" என்றார். கழுவித்தான் விடுவார்கள் என்று அத்தை சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. தைப்பூசத்துக்குப் பிறகு என்று நாளைத் தள்ளி வாங்கிக்கொண்டார்.

அதே வாரத்தில் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை அப்பாவிடம் கொடுத்தார். உள்ளே அவருடைய கேப்சூல்கள் இருந்தன, பெரும்பாலும் பிரிக்காமலே. அவருடைய காவடிக் குழுவில் ஒருவர், கேப்சூலின் மேல்தோல் மாட்டு எலும்பிலிருந்து செய்வது என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்கதான் அந்த மருந்தெல்லாம் முழுங்கி மாடு தின்னாச்சே மச்சான். இதையும் வெச்சுக்கங்க."

"அப்ப உனக்கு?"

"எனக்கு வேற குடுத்துருக்காங்க."

அப்பா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைக் குளிர்பெட்டி மேல் வைத்தார்.

அந்தத் தைப்பூசத்தில் மாமாவைப் பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மார்பெலும்பு தெரிய, காவடியோடு மலைப்படியில் ஏறினார். "விரதம்னா இப்படி இருக்கணும். மூஞ்சியப் பாரு" என்று பக்கத்தில் ஒரு பெண் தன் கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அத்தையும் அதைக் கேட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமாவோ வலியே இல்லை என்றார். முருகன் ஆற்றிவிட்டான், இனிக் குழாய் எதற்கு என்றும் கேட்டார். ஒரு வேளை மட்டும் கஞ்சி குடிக்கிற வயிறு எதற்கு வலிக்கப்போகிறது என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. எப்படியோ அத்தை அழுது அவரைச் சம்மதிக்க வைக்க, வண்டியில் ஏற்றினோம்.

புண் ஆறவில்லை. ஓரம் தடித்திருந்தது. மறுபடி சதை எடுத்தார்கள், முடிவு மறுபடியும் நல்லதாகவே வந்தது. ஆனால் முடிவைச் சொல்ல எங்களைக் கூப்பிட்ட அன்று டாக்டரம்மாவின் முகத்தில் நிம்மதி இல்லை.

"அங்கிள், கேப்சூல ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா."

"ஒரு நாளும் விடாம?"

"ம்."

டாக்டரம்மா படத்தில் அந்தத் தடித்த ஓரத்தைக் காட்டினார். "மருந்து முழுசா சாப்பிட்டும் இரைப்பைப் புண் ஆறலன்னா, சதை நல்லா இருக்குன்னு நாங்க சும்மா விட முடியாது. சர்ஜன்கிட்ட பேசுறேன். அந்தப் பகுதிய வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம்" என்றார். மாமா தலையை ஆட்டினார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியே நடைபாதையில் நாற்காலி வரிசை இருந்தது. மாமா நேராக மின்தூக்கிப் பக்கம் நடந்தார். அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, இங்க வா."

"போலாம் மச்சான், பையன் வேனு எடுக்கணும்."

"வேன் நிக்கட்டும். உள்ள போய் நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

மாமா திரும்பி வந்தார். "இத்தன வருஷம் சுத்தமா இருந்துட்டேன் மச்சான். மாட்டு எலும்ப வயித்துல போட்டுக்கிட்டு எப்படி மலையேறுறது?"

"தப்புன்னு நான் சொல்லல. உன் விரதம் உன்னோட. ஆனா அந்தப் பொண்ணு, நீ சாப்பிட்டேன்னு நம்பித்தான் வெட்டணும்ங்குது. சாப்பிட்டு ஆறாத புண்ணு வேற, சாப்பிடாம ஆறாத புண்ணு வேற. எனக்கே புரியுதுலா."

"திட்டுமே அந்தம்மா."

"திட்டட்டும். வயித்த அறுக்கறதவிடவா?"

மாமா நகரவில்லை. பெரிய காவடியோடு அத்தனை படி ஏறியவர், அந்தக் கதவு வரை நடக்க முடியாமல் நின்றார். அப்பா எழுந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தானே கதவைத் தட்டி, தலையை உள்ளே நீட்டி, "அம்மா, இவரு ஒன்னு சொல்லணுமாம்" என்றார். சொல்ல வேண்டியதை மாமாதான் சொன்னார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். "இதே மருந்து தோல் இல்லாத மாத்திரையாவும் இருக்கு அங்கிள். கேட்டிருந்தா அன்னைக்கே மாத்திக் குடுத்திருப்பேன்" என்றார். சர்ஜனிடம் பேசுவதை நிறுத்தி வைத்தார். மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது, முழங்கால் வலி மாத்திரையைத் தொடவே கூடாது, பிறகு மறுபடி பார்ப்போம். ஆறியிருந்தால் நல்லது. அப்போதும் ஆறவில்லை என்றால், முதலில் நினைத்ததைத்தான் நினைக்க வேண்டியிருக்கும். எதையும் மறைக்காமல் சொன்னார்.

அந்த மாதங்களில் மாமா கலகலப்பாக இல்லை. மாத்திரையை அத்தை கையில் கொடுத்து, தன் எதிரிலேயே எண்ணச் சொல்வார். கோயிலுக்குப் போனால் முன்னால் போய் நிற்காமல் தூண் பக்கமாக நிற்பார். அப்பா வேலை இல்லாத சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள், தொலைக்காட்சி ஓடும். மாமா சாப்பிட உட்கார்ந்தால் அப்பா எழுந்து வேறு பக்கம் போய்விடுவார், பார்ப்பதாகத் தெரியக்கூடாது என்று.

மூன்றாவது முறை குழாய் விட்ட அன்று அப்பாவும் நானும் வெளியே காத்திருந்தோம். மயக்கம் தெளிந்த மாமாவைத் தள்ளுநாற்காலியில் அழைத்துவந்தார்கள். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். போன முறை குழியாக இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு மட்டும் இருந்தது, சுற்றிலும் மடிப்புகள் அதை நோக்கி இழுத்திருந்தன. அதிலிருந்தும் துளி சதை எடுத்திருப்பதாகவும், ஆனால் ஆறிய விதத்தைப் பார்த்தால் தனக்குப் பயமில்லை என்றும் சொன்னார். மாமா அந்தத் தழும்பை உற்றுப் பார்த்தார். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தொண்டை மரத்திருந்ததால் ஒரு மணி நேரம் ஒன்றும் விழுங்கக் கூடாது என்றார்கள். நேரம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு எதிரே மரத்தடியில் இருந்த ஓர் ஒட்டுக்கடைக்குப் போனோம். அப்பா தனக்குப் பால் இல்லாத தே ஓ மட்டும் சொன்னார். கடைக்காரர் மாமாவைப் பார்த்தார்.

"பசிக்குது" என்றார் மாமா. எங்களிடமா கடைக்காரரிடமா என்று தெரியவில்லை.

இரண்டு தோசை வந்தது. மாமா நிதானமாகச் சாப்பிட்டார். சட்டினியையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. வழக்கமாக வலி வரும் நேரம் அதுதான் என்று மூவருக்கும் தெரியும். அப்பா கடல் பாலத்தில் அன்றைக்கு இருந்த நெரிசலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய கண் மாமாவின் கையில் இருந்தது. அந்தக் கை வயிற்றுக்குப் போகவில்லை, மேசைமேல் இருந்தது. கடைக்காரர் மேசையைத் துடைக்க வந்தார், எங்களைப் பார்த்துவிட்டுத் துடைக்காமல் போனார், மறுபடி வந்தார்.

"வேற ஏதாச்சும் வேணுமாண்ணே?"

மாமா அப்பாவைப் பார்த்தார். "என்ன மச்சான்?"

"என்னையேன் கேக்குற? உன் வயிறு."

"அப்ப இன்னொன்னு போடச் சொல்லுங்க" என்றார் மாமா.